‘வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள், டாக்டர்…

கேள்வி: டாக்டர் ஐயா, என் அப்பாவுக்கு 58 வயது. 30 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். போன ஆடி மாதம், துணி வெட்டும்போது கத்தரிக்கோல் கட்டை விரலில் நிற்காமல் வழுக்குகிறது என்றார். வயதாகிறது என்று விட்டுவிட்டோம். தீபாவளிச் சமயம் காஜா எடுக்க முடியாமல் கடைப் பையனிடம் கொடுத்தார். தை மாதத்துக்குள் இடது கையும் சோர்ந்துவிட்டது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழி விழுந்திருக்கிறது. தோளில் சதை தானாகத் துடிக்கிறது. மரத்துப்போவதோ எரிச்சலோ கிடையாது. மூன்று மாதமாகப் பேச்சு குளறுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. 62 கிலோ இருந்தவர் 55 ஆகிவிட்டார். சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகிறார், டிவியில் யாராவது விழுந்தால் நிறுத்த முடியாமல் சிரிக்கிறார்.

முதலில் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டார்கள். அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கழுத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். கடைசியாக ஒரு நரம்பு டாக்டர் ஊசி குத்திப் பரிசோதனை செய்து, ‘மோட்டார் நியூரான் நோய். ஒன்றும் செய்ய முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டார். ஒரு இடத்தில் ஸ்டெம் செல் போட்டால் சரியாகும், 4 லட்சம் ஆகும் என்கிறார்கள். மனையை விற்கலாமா? அப்பாவிடம் சொல்லக் கூடாது என்கிறார் சித்தப்பா. எனக்கும் தம்பிக்கும் வருமா? என் மகளுக்குப் பாவாடை சட்டை தைக்க அளவெடுத்து வைத்திருக்கிறார். கத்தரி பிடிக்க முடியாமல் துணி அப்படியே கிடக்கிறது. — வாசகி, விருதுநகர் மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எந்த மாதம் எது போனது என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அந்த வரிசைதான். ஆளைப் பார்க்காமல் கடிதத்தை வைத்து நான் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கடைசியாகப் பார்த்த டாக்டர் நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அதோடு சேர்த்து அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கழுத்து விஷயம். 58 வயதில் யாருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் கழுத்தில் ஒன்றிரண்டு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும், தலையில் நரை மாதிரி. அது கையை மெலிய வைக்கவும் செய்யும் என்பதால் முதலில் அதைச் சந்தேகப்பட்டதில் தவறில்லை. ஆனால் நாக்குக்குப் போகும் நரம்பு கழுத்து டிஸ்க்குகளுக்கெல்லாம் மேலே, மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து புறப்படுகிறது. டிஸ்க் எவ்வளவு பிதுங்கினாலும் பேச்சைக் குளற வைக்காது, தண்ணீரைப் புரையேற்றாது. பேச்சு குளற ஆரம்பித்த அன்றே கழுத்து ஆபரேஷன் பேச்சை விட்டிருக்க வேண்டும். நல்ல வேளை, நீங்கள் அவசரப்படவில்லை. அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டு, ஆறு மாதம் கழித்து இன்னும் மெலிந்து என்னிடம் வந்தவர்கள் பலர்.

என்ன நடக்கிறது என்று அப்பாவின் தையல் மெஷினை வைத்தே சொல்கிறேன். கால் மிதியை அழுத்தினால் பெரிய சக்கரம் சுற்றும், சக்கரத்திலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து ஊசி. நம் உடம்பிலும் அசைவு இரண்டு கட்டமாகத்தான் இறங்குகிறது. மூளையின் மேற்பரப்பில் ஒரு வரிசை இயக்க நரம்பணுக்கள், அவை முகுளத்துக்கும் தண்டுவடத்துக்கும் கட்டளை அனுப்பும். அங்கே இரண்டாவது வரிசை, அவை தசைக்குப் போகும். இந்த நோயில் இரண்டு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கீழ் வரிசை போனால் தசை மெலியும், துடிக்கும். மேல் வரிசை போனால் கை கால் விறைக்கும், அழுகையும் சிரிப்பும் கட்டுப்பாட்டை விட்டுப் போகும். அப்பா மனம் உடைந்து அழுகிறார் என்று நினைத்திருப்பீர்கள். சில சமயம் அப்படியும் இருக்கலாம், ஆனால் டிவியைப் பார்த்து நிறுத்த முடியாமல் சிரிக்கிறார் என்றால் அது நோயின் வேலை. அவரிடமே சொல்லிவிடுங்கள், பாதி வெட்கம் குறையும். அதற்கு மாத்திரையும் இருக்கிறது.

மெஷினில் பழுதில்லை, பெல்ட் தேய்கிறது. சத்து ஊசி போட்டது மெஷினுக்கு எண்ணெய் விட்ட கதைதான். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எங்கள் மருத்துவத்தில் ஒரு நோயே கிடையாது. கை நடுக்கம் முதல் தூக்கமின்மை வரை எல்லாவற்றையும் போட்டு அடைக்கும் சாக்குப் பை அது. அந்தப் பைக்குள் போய்விட்டால் சரியான டாக்டரிடம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகிவிடும். வெளிநாடுகளிலேயே முதல் அறிகுறிக்கும் நோய்க்குப் பெயர் வைப்பதற்கும் நடுவில் சராசரியாக ஒரு வருடம் போய்விடுகிறது. அந்தக் கணக்கில் உங்களுக்கு ஒன்றும் பெரிய தாமதமில்லை.

இந்த நோய்க்கென்று ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை. கையால் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். நாக்கை நீட்டச் சொல்ல மாட்டோம், நீட்டினால் எல்லார் நாக்கும் கொஞ்சம் நடுங்கும். வாய்க்குள்ளேயே ஓய்வாக வைக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்போம். சாரல் விழும்போது குளத்துத் தண்ணீர் அங்கங்கே சிலிர்க்குமே, அந்த மாதிரி நாக்கின் ஓரம் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். அப்புறம் மெலிந்த கையில் சுத்தியலால் தட்டுவோம். நரம்பு செத்து மெலிந்த கையில் துள்ளல் குறைய வேண்டும். அங்கே போய் கை துள்ளிக் குதித்தால், மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒரே இடத்தில் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் 1869லேயே இந்தச் சேர்க்கையைக் கவனித்து எழுதினார். இன்றும் அடிப்படை அதுதான். நீங்கள் சொல்லும் ஊசி குத்தும் பரிசோதனை, அதாவது இ.எம்.ஜி., கைக்குத் தெரியாத இடங்களிலும் கீழ் வரிசை கெட்டிருப்பதைக் காட்டும்.

ஆனாலும் பெயர் வைக்கும் முன் இதைப் போலவே வேஷம் போடும் சில நோய்களைத் தள்ளிவிட வேண்டும். தைராய்டு, பி12 குறைவு இரண்டுக்கும் ரத்தம் பார்த்தார்களா? இயக்க நரம்பை மட்டும் பல இடங்களில் அடைக்கும் ஒரு நரம்பு நோய் உண்டு. அதுவும் மரத்துப்போகாமல் கையை மெலிய வைக்கும், ஆனால் அதற்கு இம்யூனோகுளோபுலின் மருந்து கொடுத்தால் கேட்கும். நரம்பில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் சோதனையில் அது தெரிந்துவிடும். பேச்சும் விழுங்குவதும் சாயங்காலம் மோசமாகிக் காலையில் தெளிகிறது என்றால் மயஸ்தீனியா என்ற வேறு நோயை நினைக்க வேண்டும். ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு இரண்டாவது நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், அங்கே நரம்பியல் துறை இருக்கிறது. இவ்வளவு பெரிய நோய்க்கு இரண்டாவது கருத்துக் கேட்பதை எந்த நல்ல டாக்டரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நடுவில் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு, ‘எனக்கும் கண்ணிமை துடிக்கிறது, கெண்டைக்கால் துடிக்கிறது’ என்று அடுத்த வாரம் கடிதம் எழுதாதீர்கள். பலக் குறைவு இல்லாத வெறும் துடிப்பு தூக்கக் கெடுதலிலும் காபியிலும் கவலையிலும் வரும், போகும். அதே மாதிரி 20 வயதுப் பையனுக்கு ஒரு கை மட்டும் மெலிந்து, குளிரில் விரல் இன்னும் சோர்ந்துபோகிறது என்றால் அது பெரும்பாலும் ஹிராயாமா நோய். ஜப்பானில் 1959ல் விவரித்தார்கள், நம் நாட்டிலும் நிறைய. சில வருடங்கள் கூடி, தானாக நின்றுவிடும். இன்னொன்றுக்கு நம் ஊர்ப் பெயரே வைத்திருக்கிறார்கள்: ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’. 1970ல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி என்ற சென்னை மருத்துவர்கள் எழுதியது. சின்ன வயதிலேயே வரும், கை கால் மெலிவதோடு காதும் மந்தமாகும், முகமும் நாக்கும் சோரும், ஆனால் மெதுவாகப் போவதால் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். உங்கள் அப்பாவின் வயதுக்கும் வேகத்துக்கும் அது பொருந்தாது. ஆனால் எல்லா மோட்டார் நியூரான் நோயும் ஒரே நோயில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சரி, எவ்வளவு நாள்? நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவில் கேட்டிருக்கிறீர்கள். முதல் அறிகுறியிலிருந்து கணக்கிட்டால் பாதிப் பேருக்கு மூன்று வருடத்தை ஒட்டி முடிகிறது. பத்தில் ஒருவர் பத்து வருடத்தையும் தாண்டுகிறார். ஸ்டீபன் ஹாக்கிங்கைக் காட்டி யாராவது ஆறுதல் சொல்வார்கள். 1963ல், 21 வயதில் நோய் தெரிந்து 2018 வரை இருந்தார். அவர் விதிவிலக்கு, அளவுகோல் ஆக மாட்டார். பேச்சும் விழுங்குதலும் சீக்கிரம் பாதிக்கப்படுகிறவர்களுக்கு நாள் கொஞ்சம் குறைவாகவே இருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இப்போது அந்த ‘ஒன்றும் செய்ய முடியாது.’ குணப்படுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் எங்கள் தொழிலில் பலர் அதைச் சொல்ல வந்து இதைச் சொல்லிவிடுகிறோம். செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, எல்லாவற்றுக்கும் நேரம்தான் கணக்கு. ஒரு மாதம் முந்திச் செய்தால் சுலபம், ஒரு மாதம் பிந்தினால் ஆம்புலன்ஸ்.

மருந்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகமில்லை. ரிலுசோல் 50 மில்லிகிராம், காலையும் இரவும், வெறும் வயிற்றில். 1995லிருந்து இருக்கிறது, நம் நாட்டிலும் கிடைக்கிறது. இழந்த பலத்தைத் திருப்பித் தராது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆய்வுகளில் ஆயுளை இரண்டு மூன்று மாதம் நீட்டியது. முதல் மூன்று மாதம் மாதாமாதம் ஈரல் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். ‘இரண்டு மாதத்துக்கா இந்தப் பாடு’ என்று சிலர் வேண்டாம் என்பார்கள், அது அவர்கள் உரிமை. கேட்டால் நான் எடுத்துக்கொள்ளத்தான் சொல்வேன். எடாரவோன் என்று ஏற்றும் மருந்து ஒன்றும் உண்டு. பலன் சிலருக்கு மட்டும், அதுவும் சின்ன அளவில். கடன் வாங்கி ஏற்றுவதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விழுங்குவதுதான் இன்றைக்கு உங்கள் வீட்டில் அவசரம். நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, இந்த நோயில் திட உணவைவிடத் தண்ணீர்தான் முதலில் எதிரி. தண்ணீர் வேகமாக ஓடும், சோர்ந்த நாக்கு அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். ரசம், மோர், காபி எல்லாம் அதே கட்சி. கூழ் பதம், குழைந்த பருப்பு சாதம், கெட்டித் தயிர், நன்றாக வெந்த இட்லி இறங்கும். சாம்பாரில் ஊறிய வடை, மோரில் கரைத்த சாதம் மாதிரி கட்டியும் தண்ணியும் கலந்தவை ஆபத்து, பொரியும் வேர்க்கடலையும் அதைவிட. நிமிர்ந்து உட்கார்ந்து, விழுங்கும்போது தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு. அப்பா இனி ஒரு மடக்குக்கூட அண்ணாந்து குடிக்கக் கூடாது. சாப்பிடும்போது டிவி வேண்டாம், பேச்சும் வேண்டாம். சிரிப்பை அடக்க முடியாதவர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு டிவி பார்ப்பது சரியில்லை.

62லிருந்து 55. பத்து சதவீதத்துக்கு மேல் எடை போய்விட்டது. இந்த இடத்தில் வயிற்றுக் குழாயைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். எண்டோஸ்கோப்பி வழியாக வயிற்றுத் தோலில் ஒரு சின்னத் துளை போட்டு இரைப்பைக்குள் குழாய் வைப்பார்கள். சட்டைக்குள் மறைந்துவிடும். குழாய் வைத்தபின்னும் வாயால் ருசிக்கு அவர் சாப்பிடலாம். மருந்தும் தண்ணீரும் சத்தும் குழாய் வழியே போனால், சாப்பாட்டு நேரம் போராட்டமாக இருக்காது. மூச்சின் கொள்ளளவு பாதிக்குக் கீழே போவதற்குள் இதைச் செய்துகொள்வது நல்லது, அதற்கப்புறம் மயக்கம் கொடுப்பதே ஆபத்தாகும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியருக்கு இந்தக் குழாயைப் பற்றிச் சொல்லத் தயங்கினேன். நன்றாகச் சாப்பிடுகிறாரே, இப்போதே ஏன் பயமுறுத்த வேண்டும் என்று இரண்டு முறை தள்ளிப்போட்டேன். மூன்றாவது முறை அவர் வந்தபோது மூச்சு சோர்ந்துவிட்டது, எண்டோஸ்கோப்பி செய்யும் டாக்டர் முடியாது என்றுவிட்டார். கடைசி மாதங்கள் முழுக்க மூக்கில் குழாயோடு இருந்தார். அதை ஒட்டும் பிளாஸ்டரால் கன்னம் புண்ணாகி, அதைத் தொட்டுக்கூடச் சொறிய முடியாத கைகளோடு படுத்திருந்தார். உணர்ச்சி நரம்புகளை இந்த நோய் பெரும்பாலும் தொடாது. அரிப்பு, வலி, கொசுக்கடி எல்லாம் முழுசாகத் தெரியும். அதிலிருந்து நான் யாரிடமும் தள்ளிப்போட்டதில்லை.

மூச்சை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதும் கருவியில் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு நடுவில் நீங்கள் கவனிக்க வேண்டியது: மல்லாந்து படுக்க முடியாமல் தலையணை கூடுகிறதா, காலையில் எழும்போது தலைவலியா, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிகிறாரா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லையா, இருமல் ‘கொக்’ என்று வராமல் காற்றாகப் போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம். இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் பைபாப் மெஷின் இருக்கிறது. 2006ல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், பேச்சும் விழுங்குதலும் ரொம்பக் கெடாதவர்களுக்கு அது சுமார் 200 நாள் கூடுதல் ஆயுள் தந்தது. ரிலுசோலைவிட அதிகம். தூக்கமும் நன்றாக வந்தது. முதல் ஒரு வாரம் அப்பா முகமூடியைப் பிடுங்கி எறிவார். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழக்குங்கள். (சாப்பிடாத நேரத்தில்தான்!)

ஒரு எச்சரிக்கை. மூச்சு திணறுகிறது என்று யாராவது வாடகை ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இங்கே குறை ஆக்சிஜனில் இல்லை, நெஞ்சை விரிக்கும் தசையில். ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி, ஆள் அமைதியாகத் தூங்குவது போலவே நினைவிழந்துவிடுவார். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக நேர்ந்தால், ‘இவருக்கு மோட்டார் நியூரான் நோய், பைபாப் வேண்டும்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரு அட்டையில் எழுதி அப்பாவின் பர்ஸில் வைத்துவிடுங்கள்.

பேச்சு இன்னும் குளறும், ஒரு நாள் நின்றும் போகலாம். அதனால் இந்த வாரமே செல்போனில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். பேத்தியின் பெயர், ‘தண்ணி வேணும்’, ‘திருப்பிப் படுக்க வை’, ‘ஃபேனைக் குறை’, கூடவே அவர் வழக்கமாகத் திட்டும் திட்டு ஒன்றிரண்டும். எழுத்துப் பலகை தயாரிக்கும்போது பலர் 247 எழுத்தையும் எழுத உட்கார்ந்து கைவிட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. 12 உயிர், 18 மெய், ஆக முப்பது கட்டம் போதும். ‘க்’கைக் காட்டிவிட்டு ‘ஆ’வைக் காட்டினால் ‘கா’. கண் அசைவு இந்த நோயில் கடைசி வரை பெரும்பாலும் தங்கும், எனவே கை போனாலும் கண்ணால் காட்டலாம். என்னிடம் வந்த ஒரு பாட்டி இந்தப் பலகையை வைத்து மருமகளுக்குக் குழம்புக்குப் புளி அளவு சொன்னார்.

ஃபிசியோதெரபி வேண்டும், ஆனால் ‘உடற்பயிற்சி செய்தால் சதை வரும்’ என்று பந்தை அமுக்கிக் களைக்க வைக்கக் கூடாது. மூட்டு இறுகாமல் மெதுவாக அசைத்துவிடுவதுதான் நோக்கம். தூக்கி உட்கார வைக்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், பிடிப்புத் தளர்ந்த தோள் நழுவி மாதக்கணக்கில் வலிக்கும். எச்சில் வழிந்தால், விறைப்பு இருந்தால், இரவில் குரக்களி இழுத்தால் எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். ‘அந்த நோயே போகப்போவதில்லை, இது எதற்கு’ என்று நீங்களாகவே விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு அரசு 2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஃபிசியோதெரபியும் வலி ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். நாள்பட்ட நரம்பியல் நோய் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அப்பா நடமாடும்போதே விண்ணப்பியுங்கள், அப்புறம் மருத்துவக் குழு முன்னால் அழைத்துப்போவது பெரும்பாடு.

ஸ்டெம் செல்லுக்கு மனையை விற்காதீர்கள். இந்த நோயில் ஸ்டெம் செல் பலன் தருவதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு போடுவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டி நெறிகள் ஏற்கவில்லை. முறையான ஆய்வாக இருந்தால் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள், அதை வைத்தே தரம் பிரித்துவிடலாம். அந்த 4 லட்சத்தில் பைபாப், சாய்ந்து எழும் கட்டில், சக்கர நாற்காலி, பகலில் உதவிக்கு ஒரு ஆள் என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆள் அம்மாவுக்காக. அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து திருப்பிப் படுக்க வைக்கப்போவது அவர்தானே?

உங்களுக்கும் தம்பிக்கும் வருமா? பத்தில் ஒன்பது பேருக்கு இது குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் தனியாகத்தான் வருகிறது. உங்கள் தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா யாருக்கும் கை கால் மெலிந்ததோ, நடுத்தர வயதிலேயே குணம் மாறி மறதி வந்ததோ இல்லை என்றால், உங்கள் ஆபத்து ஊரில் மற்றவர்களைவிடச் சற்றுத்தான் அதிகம். நடுத்தர வயது மறதியை ஏன் கேட்கிறேன் என்றால், 2011ல் கண்டுபிடித்த ஒரு மரபணு ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோயையும் இன்னொருவருக்கு அந்த மறதியையும் கொடுக்கும். அப்படி யாராவது இருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள். எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுக் கோளாறு உள்ள சிலருக்கு மட்டும் 2023ல் அமெரிக்காவில் டோஃபெர்சன் என்ற மருந்து அனுமதி பெற்றது. அது நூற்றில் இரண்டு பேருக்குத்தான் பொருந்தும். மற்றபடி இது தொற்றாது. பேத்தி தாத்தாவின் மடியில் உட்காரலாம், அவர் தட்டில் சாப்பிடலாம்.

அப்பாவிடம் சொல்வது. சித்தப்பா பாசத்தில்தான் சொல்கிறார், எனக்கும் புரிகிறது. ஆனால் 30 வருடமாக அரை இஞ்ச் வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடித்த மனிதருக்குத் தன் கை போய்க்கொண்டிருப்பது தெரியாமலா இருக்கும்? அவருக்குத் தெரிந்ததை நீங்கள் எல்லாரும் மறைத்தால், அவருக்குப் பேச ஆளில்லாமல் போகும், அவ்வளவுதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். ‘உங்களுக்கு என்னப்பா தோணுது, என்ன ஆகுதுன்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்டுவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள். நாள் கணக்கை அவர் கேட்டால் டாக்டரிடம் அனுப்புங்கள், அதைச் சொல்வது எங்கள் வேலை.

அவரிடம் சொல்லாமல் சில முடிவுகளை எடுக்கவும் முடியாது. மூச்சு நின்றுபோகும் நிலையில் தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டரில் போடலாமா, வேண்டாமா என்பது அவர் முடிவு. அவசரப் பிரிவு வாசலில் சித்தப்பாவும் நீங்களும் சண்டை போட்டு எடுக்கும் முடிவாக அது ஆகிவிடக் கூடாது. மாட்டினால் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018ல் கொடுத்தது, 2023ல் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும். அப்புறம் பேங்க். கை சோரச் சோரக் கையெழுத்து மாறும், காசோலை திரும்பி வரும். கணக்கை அம்மாவோடு கூட்டாக, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று இப்போதே மாற்றிவிடுங்கள். இந்த நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு யோசனையில் லேசான மாற்றமாவது வரும், சிலருக்குப் பெரிதாகவே வரும். மனை, கடை விஷயங்களை அவர் தெளிவாக இருக்கும் இந்த மாதங்களில் அவரையே வைத்து முடிப்பதுதான் அவருக்கும் மரியாதை.

பாவாடை சட்டை. வலது கட்டை விரல் போனவர் சாதாரணக் கத்தரியைப் பிடிக்க முடியாது, முயற்சி செய்யச் செய்ய மனம்தான் நோகும். உள்ளங்கையால் அமுக்கினால் வெட்டி, தானே திறந்துகொள்ளும் ஸ்பிரிங் கத்தரி கிடைக்கிறது, பிடி மட்டும் போன கைக்கு அது கொஞ்ச நாள் ஓடும். சாக்பீஸை ஒரு துண்டு ரப்பர் குழாய்க்குள் செருகித் தடியாக்கிக் கொடுத்தால் கோடு போடலாம். முழங்கையை மேஜை மேல் ஊன்றி, உட்கார்ந்தபடி, காலையில் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, களைப்பு வருவதற்குள். அதுவும் முடியாவிட்டால் அவர் அளவு சொல்லட்டும், கடைப் பையன் வெட்டட்டும். பேச்சு புரியும் இந்த நாட்களில் செய்துவிடுங்கள். பெண் குழந்தை வளரும் வயது என்பதால் தையலுக்கு உள்ளே இரண்டு இஞ்ச் விட்டுத் தைக்கச் சொல்வார், பாருங்கள்.